ஈசானிய மூலைக் கக்கூஸ்

ஜூன் 24

வடவள்ளி வீட்டில் இன்று உடைக்க ஆரம்பித்தோம். மாடிப் படுக்கையறையை ஒட்டிய குளியலறை, வயது இருபத்திரண்டு. மேலுக்கு ஒன்றும் தெரியாது. ரோஜாப்பூ போட்ட டைல்ஸ், பச்சை வாளி, வரிசையாக ஷாம்பு டப்பாக்கள். குழாய் வேலை செய்யும் சகாயம் கடப்பாரையால் தரையில் முதல் டைல்ஸைப் பெயர்த்தார். அதோடு எல்லா யோக்கியதையும் வெளியே வந்துவிட்டது.

தரைக்கு அடியில் ஓரடிப் பள்ளம் விட்டு, செங்கல் துண்டு போட்டு நிரப்பியிருந்தார்கள். அதற்குள் ஓடிய குழாய் எப்போதோ விரிந்திருக்கிறது. வருடக்கணக்கில் சோப்புத் தண்ணீரும் தலைமுடியும், இன்னும் நான் எழுத விரும்பாததும் அங்கேயே தங்கிக் கறுப்புக் கூழாகக் கிடந்தது. அதன்மேல் நின்று குளித்துவிட்டுத்தான் இந்தக் குடும்பம் தினமும் சாமி கும்பிட்டிருக்கிறது. உடைக்க வந்த ஆட்களில் ஒருவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். நான் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றேன். பதினான்கு வருடமாக இதுதான் தொழில். வீடு முழுக்க அலங்காரம் செய்து தருவேன் என்றுதான் பெயர்ப்பலகையில் போட்டிருக்கிறேன், ஆனால் கோயம்புத்தூரில் என்னைக் கூப்பிடுவது குளியலறைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். வாடை போகவில்லை. சோறு இறங்கவில்லை.

ஜூன் 26

வீட்டுக்கார அம்மாள் சாந்தாமணி அக்காவோடு இன்று இரண்டு மணி நேரம் பேச்சு. ஐம்பத்தெட்டு வயது. கணவர் திருப்பூரில் வியாபாரம், சனிக்கிழமை மட்டும் வருவார். மகனுக்கு மூன்று வருடமாகப் பெண் தேடி இப்போது ஈரோட்டில் அமைந்திருக்கிறது. ஆவணியில் சம்பந்தி வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் குளியலறை தயாராக வேண்டும்.

"பெரிய ஓட்டல்ல இருக்கற மாதிரி வேணுமுங் அம்மணி. உள்ள போனா மனசு அப்பிடியே அடங்கோணும்" என்றார்.

எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். மனசு எங்கேயும் அடங்காதவர்கள் அதைக் கக்கூஸில் அடக்கித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். ஈரமணல் நிறத்தில் வழுக்காத டைல்ஸ், சுவரில் மாட்டும் கமோடு, மேலிருந்து மழை போல விழும் ஷவர், விளக்கே கண்ணில் படாத வெளிச்சம் என்று வரைந்து காட்டினேன். கண் கலங்கிவிட்டார்.

வாஸ்துக்காரரும் வந்திருந்தார். வீட்டைச் சுற்றி வந்து, பின்பக்கம் வடகிழக்கு மூலையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அங்கே ஒரு சின்ன வெளிக் கக்கூஸ் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களுக்கென்று வீடு கட்டும்போதே கட்டியதாம், இப்போது வேலைக்கார அம்மாள் நஞ்சம்மாள் போவது. ஈசானிய மூலையில் கக்கூஸ் இருந்தால் பையனுக்கு எப்படிப் பெண் அமையும் என்று கேட்டார். இடித்துவிட்டு அங்கே தண்ணீர் சம்பந்தமாக ஏதாவது வைக்கச் சொன்னார்.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த வீட்டுப் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதை மென்மையாக்கும் இயந்திரம் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். நமக்குச் சாதகமாக ஒருவர் பேசும்போது எதற்கு வாயைத் திறப்பது? வரைபடத்தில் அந்த நாலுக்கு நாலு அறையை அடித்துவிட்டு இயந்திரம் என்று எழுதிக்கொண்டேன்.

ஜூன் 28

வெளிக் கக்கூஸை இடித்தாயிற்று. அரை மணி நேர வேலை.

நஞ்சம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்வீரம்பாளையத்திலிருந்து காலை ஆறரைக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகிறவர். பதினோரு வருடமாக இங்கே. இடித்து முடித்ததும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, இனி எனக்கு எங்கீங்க?"

வீட்டுக்குள் இன்னும் இரண்டு குளியலறைகள் இருக்கின்றன. மூன்றையும் தினமும் கழுவுவது நஞ்சம்மாள்தான். அக்காவைக் கேளுங்கள் என்றேன். அவர் என் எதிரிலேயே கேட்டார்.

"பக்கத்துல காலி எடம் கெடக்குதில்ல? டைல்ஸ்காரங்க எல்லாம் எங்க போறாங்க?" என்றார் சாந்தாமணி அக்கா, காய்கறிக்காரரிடம் பேசுவதைப் போல.

டைல்ஸ்காரர்கள் ஆண்கள். அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 2

சகாயம் வரவில்லை. மச்சான் வீட்டு விசேஷமாம். எல்லார் வீட்டு விசேஷமும் என் வேலை நடக்கும்போதுதான் வரும்.

ஜூலை 5

கமோடும் குழாய்களும் எடுக்கக் காந்திபுரம் பக்கம் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். மாடியில் பத்துப் பதினைந்து மாதிரிக் குளியலறைகளை நிஜம் போலவே கட்டி வைத்திருக்கிறார்கள். மல்லிகைப் பூ, வெள்ளைத் துண்டு, மெல்லிய வாத்திய இசை. நான்காவது அறையில் ஒரே கூச்சல். யாரோ ஒருவர் காட்சிக்கு வைத்திருந்த கமோடில் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குத் தண்ணீரும் கிடையாது, குழாயும் கிடையாது. விற்பனைப் பெண்கள் மூன்று பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு. எனக்கும் போக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று இல்லை, ஊழியர்களுடையது பின்னால் இருக்கிறது என்று காட்டினார்கள். கதவைத் திறந்தேன், மூடினேன். லட்ச லட்சமாய்க் கக்கூஸ் விற்கிற கடையில் மனிதர் போக ஒரு கக்கூஸ் இல்லை. வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டினேன். வேகத்தடை ஒவ்வொன்றிலும் உயிர் போனது.

ஜூலை 9

மறுபடியும் அதே தொந்தரவு. ஒன்றுக்குப் போனால் எரிச்சல், காய்ச்சல். இந்த வருடத்தில் மூன்றாவது முறை. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பூங்கோதை, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?"

இரண்டு லிட்டர் என்றேன். அவர் நம்பவில்லை. காலையில் வீட்டில் ஒரு டம்ளர், மாலை திரும்பியதும் ஒரு சொம்பு. நடுவில் தொண்டை நனைக்க இரண்டு வாய். போகிற இடங்களில் எல்லாம் குளியலறை உடைந்து கிடக்கும், இல்லையென்றால் பூட்டிக் கிடக்கும். வாடிக்கையாளரிடம் கேட்க எனக்கு நாக்கு வராது. பெட்ரோல் பங்குகளை ஒரு பெண் நம்பக் கூடாது. மருதமலை ரோட்டில் ஒரு பேக்கரி இருக்கிறது, அங்கே பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பன் பட்டர் ஜாம் வாங்க வேண்டியிருக்கிறது.

டாக்டரம்மா மூன்று லிட்டர் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 12

குளியலறைத் தரையில் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறோம். மூன்று நாள் அப்படியே நிற்க வேண்டும். கீழே கூரையில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இதை அவசரப்படுத்துகிறவர்களோடு நான் வேலை செய்வதில்லை.

பதினொரு மணிக்குத் தேநீர் வந்தது. இந்த வீட்டில் தேநீர் வருவதை வைத்தே யார் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். எனக்குப் பீங்கான் கப். வேலையாட்களுக்குப் பேப்பர் கப். நஞ்சம்மாளுக்கு நெளிந்த அலுமினிய டம்ளர், அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருக்கும். இன்று அந்த டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது.

"நீங்க குடிக்கலையா?" என்றேன்.

"நிறுத்திட்டனுங்க. தண்ணியும் அவ்வளவா குடிக்கறதில்லீங்க. ஆறரைக்கு வந்தா அஞ்சு மணிக்குத்தானுங்களே."

அப்படி இருந்தால் உடம்பு கெட்டுவிடும், மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று அவருக்கு அறிவுரை சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இல்லை. எழுதும்போது இருக்கிறது.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. பக்கத்துக் காலி மனைக்காரர் கம்பி வேலி போட்டுவிட்டார். யாரோ அசிங்கம் பண்ணுகிறார்களாம்.

ஜூலை 22

நஞ்சம்மாள் மத்தியானம் அரை மணி நேரம் காணாமல் போகிறார் என்று சாந்தாமணி அக்கா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது. போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம். நான் ஒருமுறை அதன் வாசலில் வண்டியை நிறுத்தி, நாற்றம் தாங்காமல் அப்படியே கிளம்பியிருக்கிறேன். அதற்குத்தான் அவர் வெயிலில் நடந்து போகிறார்.

"பதினொரு வருசமா இல்லாத பழக்கமுங்க. சம்பளத்தக் கூட்டிக் கேக்கறதுக்கு அடி போடறா" என்றார் அக்கா.

நான் கண்ணாடியின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஜூலை 25

இன்று கேட்டுப் பார்த்தேன். நானாகக் கேட்கவில்லை. படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நஞ்சம்மாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த வலி தெரியும். அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, கார் ஷெட்டுக்குப் பின்னால சின்னதா ஒண்ணு கட்டிடலாமே" என்றேன்.

"ஐயோ, காரு நிக்கற எடத்துல நாத்தமடிக்குமுங் அம்மணி. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து எறங்கறதே அங்கதான்."

"அப்போ கீழ இருக்கற பாத்ரூம்?"

சாந்தாமணி அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்வது? நான் அவர் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டது போலப் பார்த்தார். "அதெப்பிடீங்க" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. அத்தனை கறுப்புக் கூழின்மேல் இருபத்திரண்டு வருடம் நின்று குளித்த அம்மாளுக்கு இது அசிங்கம்.

நான் அதற்குமேல் பேசவில்லை. கதவும் கண்ணாடியும் இன்னும் பாக்கி இருந்தன.

ஆகஸ்ட் 5

முடிந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் இத்தனை வருடத்தில் செய்ததில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சத்தம் குறைகிறது. காலை வெளிச்சம் கோடு போட்ட கண்ணாடி வழியாக வந்து மணல் நிறச் சுவரில் மெதுவாக விழுகிறது. டைல்ஸ் இணைப்பு ஒன்றுகூடக் கோணவில்லை. கமோடு தரையைத் தொடாமல் சுவரில் நிற்கிறது. அதன் மூடியில் கம்பெனி ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறையை நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் கையால்தான் அதை உரிக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

சாந்தாமணி அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார். ஆடி மாதம் முடியும்வரை காலடி வைக்க மாட்டாராம். ஆவணி ஏழாம் தேதி முகூர்த்தம் குறித்து வாங்கியிருக்கிறார். அன்றைக்கு அவர்தான் முதலில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், அதுவரை யாரும் போகக் கூடாது. கதவுக் கைப்பிடியில் மஞ்சள் தடவிய நூலைக் கட்டினார். பதினெட்டு நாள் ஒரு நல்ல கக்கூஸ் சும்மா கிடக்கும்.

ஆகஸ்ட் 8

வடவள்ளிக்குச் சும்மா ஒருமுறை போய்வந்தேன். கண்ணாடி ஓரத்தில் பசை சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சாந்தாமணி அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். டாக்டரம்மா சொன்னாரே என்று காலையில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியது தப்பு. பேக்கரி ஆடி அமாவாசைக்காக மூடியிருந்தது.

பசை காய்ந்திருக்கிறது. ஃப்ளஷ் வேகம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. கமோடுக்குப் பக்கத்துக் கைக்குழாயில் அழுத்தம் அதிகம். தரை நனைந்துவிட்டது. சகாயத்திடம் சொல்லிக் குறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9

காலை ஏழு மணிக்கே சாந்தாமணி அக்கா ஃபோன்.

நேற்று அவர் கோயிலிலிருந்து திரும்பியபோது நஞ்சம்மாள் மாடிக் குளியலறையிலிருந்து துடைப்பானோடு வெளியே வந்திருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் தரை ஈரம். கமோடு மூடியில் உறை இல்லை. கிழிந்து குப்பைக் கூடையில் கிடந்திருக்கிறது. மஞ்சள் நூல் அவிழ்ந்திருக்கிறது.

"என்னடின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்கறா. கல்லாட்டம் நிக்கறா. எம் பையன் கல்யாணத்துக்கு வெச்சதுங்க அது. அப்பவே போகச் சொல்லீட்டேன்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தக் கருமத்தக் கழட்டி எறிஞ்சுட்டு வேற வையுங்க அம்மணி. நெனச்சாலே கொமட்டுது. முகூர்த்தத்துக்குள்ள ஆகோணும்."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 10

மழை.

ஆகஸ்ட் 13

புதுக் கமோடு வைத்தாயிற்று. அச்சு அசல் அதே மாதிரி. பழையதைக் கழற்றும்போது சகாயம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கீறல் இல்லீங் மேடம். ஒருக்காப் போனா என்னங்க? கழுவுனா தீந்துது. அதுக்குத்தான அது இருக்குது?"

சாந்தாமணி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். கழற்றியதைத் தூக்கிக்கொண்டு போன வழி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இப்போது அது பின்பக்கம் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு ஐந்து நாளில் நாறிப்போயிருக்கிறது. கழுவாத பாத்திரத்தில் ஈ மொய்க்கிறது. கீழே இருக்கும் குளியலறையிலிருந்து வாடை கூடம்வரை வருகிறது. வேலைக்கு ஒரு பெண் வந்து பார்த்தாளாம். கக்கூஸ் எங்கே என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டு மறுநாள் வரவில்லையாம். "காலம் கெட்டுப் போச்சுங்க" என்றார் அக்கா.

ஆகஸ்ட் 15

விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து இந்த நோட்டைத் திரும்பப் படித்தேன். எட்டாம் தேதி எழுதியதைப் படிக்கச் சகிக்கவில்லை. பசை காய்ந்திருக்கிறதாம். ஃப்ளஷ் வேகமாம்.

உண்மையை இங்கேகூட எழுத முடியவில்லை என்றால் நோட்டு எதற்கு? பசையைப் பார்க்க நான் போகவில்லை. கணபதிப் பக்கம் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வரும் வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தேன், பேக்கரி மூடியிருந்தது, அடுத்த சந்தில் எனக்குத் தெரிந்த ஒரே கதவு அதுதான். கீழே இருப்பது அவர்கள் புழங்குவது, மாடியில் இருப்பது நான் கட்டியது. மாடிப்படி ஏறும்போதே கொஞ்சம் நனைந்துவிட்டது. நாற்பது வயதில். நூலை இழுத்தேன், உறையைக் கிழித்தேன், உட்கார்ந்தேன். பிறகு கைக்குழாயால் எல்லாவற்றையும் கழுவிவிட்டுக் கீழே வந்து நஞ்சம்மாளிடம், "மாடியில தரை கொஞ்சம் ஈரமா இருக்கு, துடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதைத்தான் அவர் செய்தார். அதற்குத்தான் அவர் வேலை போயிற்று.

ஒன்பதாம் தேதி ஃபோனில் ஒரு வாக்கியம் போதும். அது நான்தான் அக்கா. வரவில்லை. சாந்தாமணி அக்கா குமட்டுது என்றபோது, அது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். அப்படி யாராவது நம்மேல் அருவருப்புப் படுவதைத் தாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும், அதைப் பதினோரு வருடம் தாங்கியவர் தலையிலேயே போட்டுவிட்டு ஆறு நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். தரைக்கு அடியில் கிடந்த கூழை எடுத்துக் கொட்டிவிட்டோம். எனக்குள் இருப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16

சொல்லிவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

சாந்தாமணி அக்கா முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்களா?"

"நான்தான். அவசரம். நஞ்சம்மா துடைக்க மட்டும்தான் போனாங்க. நான் சொல்லித்தான் போனாங்க."

"அட, நீங்கன்னா பரவால்லீங் அம்மணி. நம்ம வீட்டுப் பொண்ணாட்டம். ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போகச் சொல்லிருப்பனே."

இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது அந்த ஒரு வார்த்தையை அவராகச் சொல்லியிருக்கலாம். அதை விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நஞ்சம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஏழு நாளில் முகூர்த்தம், சிங்க் நிறையப் பாத்திரம்.

"அவ அப்பவே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தா? நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

பேப்பர் கப்.

"பீங்கானெல்லாம் கழுவாமக் கெடக்குதுங்க" என்றார், நான் கேட்காமலே. அவர் தோளுக்குப் பின்னால் சமையலறைக் கொக்கிகளில் நான்கு பீங்கான் கப்புகள் சுத்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் அந்தத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஆகஸ்ட் 17

கல்வீரம்பாளையத்தில் விசாரித்து நஞ்சம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டு அறை, முன்னால் ஒரு முருங்கை. பாயை விரித்து உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

"நான்தான்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றுதான் வந்தது.

"சொன்னா நம்பவா போறாங்க? நம்புனா உங்க பொழப்பும் போயிரும். எதுக்குங்க ரெண்டு பேருக்கும்?" என்றார். முருங்கைப் பக்கம் திரும்பினார். "அதுவுமில்லாம, நீங்க மாடிக்கு ஓடுனத நாம் பாத்தனுங்க. அந்த ஓட்டம் எனக்குத் தெரியாதுங்களா?"



சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லக் கை தானாக எழுந்தது. பதினான்கு வருடப் பழக்கம்.

"குடிங்க அம்மணி. பொறத்தால கக்கூசு இருக்குது. கழுவித்தான் வெச்சிருக்கறேன்."

முழுச் சொம்பையும் குடித்தேன். கிளம்பும்முன் பின்னால் போகவும் செய்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு வாளி, ஒரு குவளை, பிளீச்சிங் பவுடர் வாசம். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. தரை வாட்டம் சரியாக இருந்தது, ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

வேலைக்கு வருவதைப் பற்றிக் கேட்டேன். "கக்கூசு கட்டட்டும், வாரேன்" என்றார். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18

வாஸ்துக்காரருக்கு ஃபோன் செய்தேன். கார் ஷெட் இருப்பது வடமேற்கு. வாயு மூலையில் கக்கூஸ் வரலாம் என்று அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை அவர் வாயால் சாந்தாமணி அக்காவிடம் சொல்லவைத்தேன். அடுத்து நான் வேலை எடுக்கும் வீடுகளுக்கு அவரைக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வருடத்தில் நான் செய்த அசிங்கமான காரியங்களில் இதற்கு மட்டும் வருத்தமில்லை.

அக்கா மதியமே கூப்பிட்டார். "வாயு மூலைல ஒண்ணு இருந்தா மருமவளுக்குச் சுகப்பிரசவம் ஆகுமாம் அம்மணி. மொதல்லயே ஏனுங்க சொல்லல?"

ஆகஸ்ட் 21

மூன்று நாளாக நானும் சகாயமும் ஒரு கொத்தனாரும். செலவு என்னுடையது, அதை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை நானே பத்து முறை போட்டுப் பார்த்தேன். பழைய கழிவுக் குழாய் ஷெட்டுக்குப் பின்னாலேயே ஓடுவதால் இணைப்பு சுலபமாகிவிட்டது.

சாக்குப் போட்டு மூடியிருந்த கமோடைத்தான் மாட்டினோம். ஃப்ளஷ் தொட்டி இல்லை, வாளித் தண்ணீர்தான். சுவர் புதிது என்பதால் சகாயம் அடியில் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தார். காற்றில் மிதப்பதற்காக நான் தேடித் தேடி எடுத்த கமோடு செங்கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க மகா கண்றாவி.

ஆகஸ்ட் 22

நஞ்சம்மாக்கா காலை ஆறரைக்கு வந்துவிட்டார். நாளைக்குத்தான் மாடியில் முகூர்த்தம். சாந்தாமணி அக்கா பழைய விஷயம் எதையும் பேசவில்லை, கோலமாவு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

நான் நஞ்சம்மாக்காவைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். செங்கல்லைக் காலால் தட்டினார். கமோடைக் கையால் அழுத்தி ஆட்டினார்.

"உழுகாதுங்களே?"

"விழாதுங்க. சகாயம் மேல ஏறி நின்னு பார்த்துட்டாரு."

அவர் தலையாட்டிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் பிளீச்சிங் பவுடர், ஒரு கையில் பிரஷ். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கமோடுக்குள் பவுடரைக் கொட்டினார். மூடியிலும் கொட்டினார். உட்காரும் இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

"எதுக்குங்க இப்படித் தேய்க்கறீங்க? புதுசுதானே" என்றேன்.

நஞ்சம்மாக்கா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"புதுசுங்களா? நீங்க போனதுதானுங்களே?"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து தேய்த்தார். எனக்கு முகம் சுட்டது. பிறகு கார் ஷெட் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னொரு வாளிங்க" என்றார்.

கொண்டுவந்தேன்.